கருடனுக்கு முதல் போணி

பறவைகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வெகுகாலம் மனசு வந்ததில்லை. காரணம் ஒரு கல்யாண ஜாக்கெட். நல்ல பட்டு, முதுகு முழுக்க ஆரி வேலை, கை ஓரத்தில் கல் பதித்தது. லைனிங் துணிக்குப் பொருத்தமான நிறம் தேடிச் செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, கண் வலிக்கத் தைத்து முடித்து, இஸ்திரிச் சூடு ஆறட்டும் என்று கடை வாசல் கம்பியில் மாட்டி வைத்தேன். மேலே போன ஒரு பருந்து, போகிற போக்கில் ஒரு முழம் கோழிக்குடலை அதன் தோளில் சார்த்திவிட்டுப் போனது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் வட்டாரத்தில் தெரியாத ஆளில்லை. கையில் இருந்த கத்தரிக்கோலைக் கூட வைக்காமல் பக்கத்துக் கடைக்குப் போனேன். பக்கத்துக் கடை என் கூடப்பிறந்த அண்ணனுடையது, கோழிக்கடை. ஓமலூருக்கு அந்தப் பக்கம், பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஒரே கட்டடத்தில் இரண்டு ஷட்டர். ஒன்றில் அண்ணன் கோழி வெட்டுவார், இன்னொன்றில் நான் ஜாக்கெட் வெட்டுவேன். என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே லோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஆகவே என் கோபத்துக்கு அன்றாடம் கைக்கெட்டிய ஆண்பிள்ளை அண்ணன் ஒருவர்தான்.

அவர் அந்த ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"கருடன் போட்டது அம்மிணி. அந்தப் புள்ளைக்கு நல்ல எடமாத்தான் அமைஞ்சிருக்கும்."

"ஏனுங்கண்ணா, கொடலப் போட்டா ஆசீர்வாதமா?"

"அதுகிட்ட அதுதான இருக்குது. பூவுக்கு எங்க போகும்?"

இப்படிப் பேசுகிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? திரும்பி வந்து முதுகுத் துண்டைப் புதிதாக வெட்டித் தைத்தேன். அந்தப் பெண் இப்போது ஃபேர்லேண்ட்ஸில் சொந்த வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். அவளை எங்கே பார்த்தாலும் அண்ணன் அதை எனக்குச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

கருடன் என்று அவர் சொல்வது எல்லாப் பருந்தையும் சேர்த்துத்தான். வெள்ளைத் தலையும் செங்கல் நிறச் சிறகுமாக இருக்கும் நிஜக் கருடன் எங்கள் பக்கம் ஒன்றோ இரண்டோதான் வரும். அதைக் கண்டால் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மற்றதெல்லாம் பழுப்பு நிறக் கள்ளப் பருந்து, கோழிக்குஞ்சு திருடுகிற ஜாதி. அண்ணனுக்கு அந்த வேற்றுமை கிடையாது. கடை வைத்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஒருநாள் காலை நிஜக் கருடன் ஒன்று வந்து தகரக் கூரையில் உட்கார்ந்ததாம். முதல் கோழியின் ஈரலை அதற்குப் போட்டாராம். அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம் வந்ததாம். அது ஆடி நோம்பிக்கு முந்தின நாள், கருடன் வராவிட்டாலும் கூட்டம் வந்திருக்கும் என்று நான் பல தடவை சொல்லியாயிற்று. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அவர் கடையில் முதல் போணி கருடனுக்கு. விடிந்து ஷட்டரைத் தூக்கியதும் முதல் கோழி. அதன் ஈரல், கொழுப்பு, குடல் எல்லாவற்றையும் சின்னத் துண்டுகளாக நறுக்கி ஒரு எவர்சில்வர் போசியில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை. அவ்வளவுதான், எங்கிருந்துதான் வருமோ, வானத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தப் போணி முடிகிற வரைக்கும் எந்த வாடிக்கையாளருக்கும் கறி கிடையாது. அவசரக்காரர்கள் முணுமுணுத்தபடி நிற்பார்கள். புரட்டாசி மாதம் ஊரே கவிச்சை தொடாது, அண்ணன் கடையும் காற்று வாங்கும். அப்போதும் கருடனுக்கு மட்டும் ஒரு கோழி அறுபடும்.

பிடிக்கவில்லை என்று சொன்னேனே தவிர, அதைப் பார்க்காமல் இருந்ததில்லை. தையல் மிஷினில் காலை வைத்தபடி கழுத்தை வெளியே நீட்டிப் பார்ப்பேன். அண்ணன் ஒரு துண்டை உயர வீசுவார். அது மேலே போய் நின்று கீழே திரும்பும் அந்த ஒரு கணத்தில், எங்கோ உயரத்திலிருந்து ஒரு பருந்து சிறகை மடக்கிக்கொண்டு விழும். வாயால் பிடிக்காது, காலால் பிடிக்கும். பிடித்த துண்டைப் பறந்துகொண்டே காலைத் தூக்கி வாய்க்குக் கொடுத்துத் தின்னும். கரண்டுக் கம்பி, விளம்பரத் தட்டி, வேப்பமரம், போகிற பஸ் எதிலும் உரசாது. இத்தனை பருந்து ஒரே இடத்தில் சுற்றியும் ஒன்றின் மேல் ஒன்று மோதி நான் பார்த்ததில்லை. எங்கள் சர்வீஸ் ரோட்டில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று சாக்கடையில் இறங்கும்.

அதே வாசலில்தான் நாமக்கல் பக்கத்துப் பண்ணையிலிருந்து கோழி லோடு இறங்கும். பாவம், அந்தக் கோழிகளுக்கும் சிறகு இருக்கிறது. கூண்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, மேலே சுற்றுகிறவற்றைத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். ஒருமுறை ஒன்று எப்படியோ கூண்டிலிருந்து தப்பி, படபடவென்று அடித்துக்கொண்டு எழும்பி, என் தையல் மேஜை வரைக்கும் பறந்து வந்துவிட்டது. வந்த வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மஞ்சள் பாவாடைத் துணி மேல் உட்கார்ந்தது. அண்ணன் அதை வெட்டவில்லை. "பறந்துருச்சில்ல, உட்டுரு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் கட்டடத்துக்குப் பின்னால் திரிந்தது, தின்று தின்று நடக்க முடியாமல் போனது.

எங்கள் ஊர் விமான நிலையம் பல வருஷம் பூட்டிக் கிடந்து, மறுபடி விமானம் வர ஆரம்பித்தபோது அந்தச் சத்தத்துக்கு முதலில் வாசலுக்கு ஓடியது அண்ணனின் மகள்தான். அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அண்ணனுக்கு ஒரே பெண். அவள் நச்சரிப்புத் தாங்காமல் நானும் அவளும் ஒருமுறை சென்னைக்குப் பறந்தோம். மண்ணை விட்டு எழும்பிய நொடியில் என் உடம்பு மேலே போயிற்று, வயிறு மட்டும் ஓமலூரிலேயே நின்றுவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் யாரோ, அவர் கையைப் பிடித்த பிடியைச் சென்னை வரைக்கும் விடவில்லை. இவளோ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் என்னிடம் கேட்டாள்.

"அத்தை, முன்னாடி உக்காந்து ஓட்டுறவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியுமில்ல?"

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பன்னிரண்டாவது முடித்ததும் விமானம் ஓட்டத்தான் படிப்பேன் என்று நின்றாள். அண்ணி அழுதாள். அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, மோகனூர்ப் பக்கம் அவருக்குப் பங்காக வந்த மானாவாரிக் காட்டை விற்றார். எங்கள் விமான நிலையத்திலேயே நடக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். ஒற்றை இன்ஜின் வைத்த குட்டி விமானம். விடிகாலைக் காற்று அமைதியாக இருக்கும் என்பதால் காலையில்தான் பறப்பார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், தோளில் பட்டையோடு இவள் ஸ்கூட்டியில் கிளம்புவாள். "பைபாஸ்ல பாத்துப் போ சாமி, லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வருவான்" என்று அண்ணி தினமும் பின்னாலேயே ஓடி வருவாள். மேலே போய் என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை நினைக்கவே அவளுக்குப் பயம்.

அண்ணன் விலைப் பலகைக்குக் கீழே மகளின் சீருடைப் படத்தை மாட்டினார். கறி வாங்க வருகிறவர்கள் அவரை விமானக்காரரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல்தான். ஆனாலும் அப்படிக் கூப்பிட்டவர்களுக்குத் தராசு கொஞ்சம் தாழ்ந்தே நின்றதை நான் கவனித்தேன்.

அந்தச் சமயத்தில் விமான நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி ரோட்டோரக் கோழிக்கடைகளுக்கெல்லாம் வந்தார். பொறுமையான மனுஷர். கோழிக்கழிவை வெளியே கொட்டினால் பருந்து கூடும், பருந்து விமானத்தில் மோதினால் ஆபத்து, விமானம் போகிற வேகத்துக்குப் பருந்து பாறாங்கல் மாதிரி அடிக்கும் என்று எடுத்துச் சொன்னார். எத்தனை மைல் சுற்றளவுக்குக் கொட்டக்கூடாது என்றும் சொன்னார். மற்ற கடைக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். அண்ணன் மறுநாளே மூடி போட்ட நீல டிரம் வாங்கினார். ஒரு இறகு வெளியே விழாது. கழிவு வண்டி வந்து அள்ளிப் போனதும் டிரம்மைக் கழுவித் துடைத்து மூடி வைப்பார். அதிகாரி மறுபடி வந்து பார்த்துவிட்டு, இந்தக் கடை மாதிரி இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார். அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலைப் போணி மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொட்டக்கூடாது என்றது கழிவை. இது கழிவா? நல்ல ஈரல், காசு கொடுத்து வாங்குகிற ஈரல். சாமிக்கு வைக்கிற படையலை யாராவது குப்பை என்பார்களா?

மகள் தனியாகப் பறக்கும் நாள் நெருங்கியது. அதற்குச் சோலோ என்று பெயர். அதுவரைக்கும் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்து சீட்டில் இருப்பார். ஒருநாள் அவர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, நீயே ஒரு சுற்றுப் பறந்து இறங்கு என்பார். அதுதான் சோலோ. அதை முடிக்காவிட்டால் மேற்கொண்டு படிப்பு நகராது. அண்ணன் பயந்துபோனார். பயந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கருடனுக்கு வேண்டிக்கொண்டார். என் பிள்ளை உன் வழியில் வருகிறாள், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, ஒரு கோழிக்குப் பதில் மூன்று கோழி போட ஆரம்பித்தார். சேதி எந்த ஊருக்கெல்லாம் போனதோ, எங்கள் கூரைக்கு மேல் வானமே தெரியாத அளவுக்குப் பருந்து.

ஒருநாள் நேரத்துக்கு முன்னாலேயே ஸ்கூட்டி சத்தம் கேட்டது. மகள் நேராக என் கடைக்குள் வந்து கட்டைநாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னாச்சு சாமி?"

"ஏறும்போது ஒரு பருந்து அத்தை. கண்ணாடிக்கு நேரா. நகம் வரைக்கும் தெரிஞ்சுது. சார் சட்டுனு சாய்ச்சாரு. றெக்கை ஓரத்துல டப்புனு பட்டுருச்சு."

"உனக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்ல. சுத்தி வந்து எறக்கிட்டாரு. தகரம் நசுங்கிருக்குது. பருந்து செத்துப்போச்சு." அவள் தண்ணீர் குடித்தாள். பாதி மடியில் கொட்டியது. "நா மட்டும் இருந்திருந்தா அப்படிச் சாய்க்கத் தெரிஞ்சிருக்காது அத்தை. காலைல இப்படிப் பறவை இருந்தா சோலோவுக்கு விடமாட்டேன்னுட்டாரு. நாள் தள்ளிப் போகப் போக எனக்குப் பயம் வந்து உக்காந்துக்கும்."

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அன்று முழுக்க ஒரு தையல் நேராக விழவில்லை.

மறுநாள் விடிந்தது. அண்ணன் போசியோடு வாசலுக்கு வந்து சீழ்க்கை அடித்தார். பருந்துகள் வந்தன. அண்ணாந்து பார்த்தேன். சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற அந்தக் கூட்டம் காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்ந்தது. மேற்கே எங்கள் வேப்பமரத்தைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, விமான நிலையம். அந்தப் பக்கத்திலிருந்து பறவை விரட்டுகிற வெடிச்சத்தம் கேட்டது. கேட்டதும் அவை திரும்பி வந்தன, அண்ணன் இன்னும் ஒரு கை வீசினார்.

வந்ததே கோபம். ஓடிப்போய் அவர் கையிலிருந்த போசியைத் தட்டிவிட்டேன். நடுரோட்டில் ஈரல் சிதறியது.

"அறிவிருக்குதுங்களாண்ணா உங்களுக்கு? நேத்து உங்க புள்ள மேல மோத வந்தது எதுன்னு நெனச்சீங்க? நீங்க சோறு போட்டு வளத்ததுதான்."

நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். அண்ணன் நீல டிரம் மேல் உட்கார்ந்தார். தன் கைகளைப் பார்த்தார்.

"நான் காவலுக்குத்தான கூப்புட்டேன் அம்மிணி" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது, அழுகைதான் வந்தது.

அன்றே போணி நின்றது. அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். பருந்துக்கு அதை யார் சொல்வது? விடிந்ததும் வந்து கூரை, கம்பி, விளம்பரத் தட்டி என்று வரிசையாக உட்கார்ந்து அண்ணனை உற்றுப் பார்க்கும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார். ஒரு வாத்தியார் அரைக்கிலோ கறியைக் கவரில் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறுவதற்குள் கவரோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. என் கம்பியில் நான் அளவு வெட்டுகிற பேப்பர் பேட்டர்னைக் கூட மாட்ட முடியவில்லை. பசி தாங்காமல் அவை அக்கம்பக்கமெல்லாம் தாழப் பறந்து தேட ஆரம்பித்தன. ஓடுபாதைப் புல்லில் எலி பிடிக்க இறங்குகின்றன என்று மகள் வந்து சொன்னாள். முன்னைக்கு இப்போது மோசம். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் எப்போதாவது பறவை இல்லாத காலை வாய்த்து ஒவ்வொருவராகச் சோலோ முடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள், பேச்சையும் குறைத்துக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தது அண்ணன்தான். ஒருநாள் மொபெட்டில் பெட்ரோல் போடப் போனவர், திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இதுங்க கடையப் பாக்கறதில்ல. என்னையத்தான் பாக்குதுங்க. பங்க்கு வரைக்கும் பின்னாலயே வந்துருச்சுங்க."

"அதுக்கு?"

"நான் எங்க போறனோ அங்க வரும். கிழக்கால கூட்டிட்டுப் போயிர்றேன்."

மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் இருட்டு பிரிகிறபோதே போசியை மூடி மொபெட் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் ஏரிக்கரை வரைக்கும். அங்கே போய்ச் சீழ்க்கை. அப்புறம் ஏரிக்கு அப்பால் புளியமரச் சாலை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, ஏற்காட்டு மலை அடிவாரத்தில் கல் வெட்டியெடுத்துக் கைவிட்டுப்போன ஒரு பழைய வெள்ளைக்கல் குழி வரைக்கும். அது அதிகாரி சொன்ன எல்லைக்கு வெளியே. இடையில் ஏரிக்கரையில் போட்டது சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அவரைக் கேட்கவில்லை.

ஒரு காலை நான் பஸ்ஸில் சேலம் போகும்போது அந்தக் காட்சியைப் பார்த்தேன். அண்ணன் ஹெல்மெட் போட்டு, மொபெட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மெல்லப் போய்க்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் பருந்துக் கூட்டம் அவர் வேகத்துக்கே மிதந்து வந்தது. அவர் சிக்னலில் நின்றால் அவையும் அங்கேயே சுற்றின. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலில் கூடி போன் எடுத்தார்கள். கண்டக்டர், "அதாரது, படை பட்டாளத்தோட போறாரு?" என்றார். எனக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "எங்கண்ணன்தானுங்க" என்றேன்.

அவர் போனால் திரும்ப வெயில் ஏறிவிடும். காலை வியாபாரம் அண்ணி தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் போய்த் தராசு பிடித்தேன். அண்ணி வெட்டுகிற வேகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் அண்ணன் வரவே வேண்டாம் என்றார்கள். என் கையில் ஏறிய கவிச்சை வாடை ஜாக்கெட்டுக்கெல்லாம் ஏறி, அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன். இரண்டு மூன்று வாரத்தில் எங்கள் கூரை காலியானது. விடிந்தால் பருந்துகள் நேராக வெள்ளைக்கல் குழிக்கே போய் அண்ணனுக்காகக் காத்திருந்தன. மேற்கே வெடிச்சத்தமும் குறைந்தது. ஒருநாள் மகள் ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை, ஓடிக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, நாளைக்கு விட்டாலும் விட்டுருவாங்க."

அன்று பொழுதோடு அண்ணன் புதுச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். விமான நிலைய மதிலுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு மண்மேடு உண்டு. அங்கே நின்றால் ஓடுபாதை தெரியும். அங்கே போய் மகளைப் பார்க்க வேண்டும் என்பது அவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லிவந்தது. காலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். வந்தவர் மொபெட் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஈரலை நறுக்கிப் போசியை நிரப்பினார்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்குமா?"

"இன்னிக்குத்தான் போகணும். நான் போகலீன்னா என்னையத் தேடிட்டு இங்க வந்துரும்."

"இத்தன நாளு காத்திருந்தீங்க. வேற ஆரையாச்சும் அனுப்புங்க."

"வேற ஆளுக்கு அதுங்க நிக்காது. நீ போயிப் பாத்துட்டு வா. எறங்கினதும் எனக்கு ஒரு போன் போடு. அதுவரைக்கும் நான் கைய நிறுத்த மாட்டேன்."

அண்ணியைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று கோழியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டாள். ஆக, பெற்றவர்கள் இருவரும் இல்லாமல் நான் மட்டும் போய் மண்மேட்டில் நின்றேன்.

வெள்ளை விமானம் ஓடுபாதையின் ஓரத்தில் நின்றது. அதன் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கக் கதவு திறந்தது. ஓர் ஆள் இறங்கி, கதவைச் சாத்தி, அதைத் தட்டிவிட்டு விலகி நடந்தார். நாங்கள் மூக்கைத் துடைத்துவிட்ட பிள்ளை அந்தத் தகரப் பெட்டிக்குள் தனியாக இருக்கிறாள். அது நகர்ந்தது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, எழும்பவே போவதில்லை என்று நினைத்தபோது சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

நான் விமானத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த வானத்தைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடினேன். ஒரு காக்கை, ஒரு மைனா, ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அண்ணன் அந்த நேரம் எங்கே நின்று என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டி, அந்த வானமும் சரியாகத் தெரியாமல் போனது. விமானம் சின்னதாகி, கிழக்கே போய், திரும்பி, என் தலைக்கு மேலே எதிர்த்திசையில் போயிற்று. சத்தம் தேய்ந்தது. மறுபடி வந்தது. பின்சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டன, அப்புறம் முன்சக்கரம். நான் மண்மேட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ரோட்டில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். பாஸாயிட்டாளுங்க என்றேன். ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

இந்த அமர்க்களத்தில் அண்ணனுக்குப் போன் போடவே மறந்துவிட்டேன். என் போன் அடித்தது. மகள்தான். முதல் முறை தனியாகப் பறந்து இறங்கினால் கூட இருப்பவர்கள் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்களாம். குளிரில் அவளுக்குப் பற்கள் தந்தியடித்தன. சிரித்துக்கொண்டே, "அப்பாவையும் போன்ல சேருங்க அத்தை" என்றாள். சேர்த்தேன். அந்தப் பக்கம் ஒரே பருந்துக் கூச்சல். அதற்கு நடுவில் அண்ணன் குரல்.

"அம்மிணி, என்னாச்சு? ஈரல் தீந்து, என்ற சாப்பாட்டுப் போசில இருந்த கொழம்புக் கறியையும் போட்டாச்சு. இனி வெறுஞ்சோறுதான் இருக்குது."

"அப்பா" என்றாள் மகள்.

"சாமி. எறங்கிட்டயா?"

"எறங்கிட்டேன்பா. பிளேன் ஒரு துள்ளு துள்ளல."

"செரி செரி. அது போதும்."

"நீங்க வரவே இல்லையாப்பா? மேட்டுல அத்தை மட்டும்தான் நின்னாங்க."

"இதுங்களப் புடிச்சு வெக்கோணுமில்ல சாமி. அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா கை நின்னுரும், கை நின்னா இதுங்க கெளம்பிரும். அதான் திரும்பவே இல்ல."



"நான் உங்களப் பாத்துட்டேதான்பா போனேன்."

"என்னையவா? அத்தன தூரத்துல என்ன தெரியும்?"

"ஆளு தெரியாதுப்பா. வெள்ளைக்கல் குழி தெரியும். மலைக்கு அடியில சுண்ணாம்பு கொட்டுன மாதிரி வெள்ளையாத் தெரியும். ஏறுனதும் அதுக்கு நேரா மூக்க வெச்சுத்தான் திரும்பணும்னு சார் சொல்லிக் குடுத்திருக்காரு. பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சா, கை நடுங்கிட்டே இருந்துச்சு. அங்க அப்பா நிக்கறாருன்னு நெனச்சேன். நின்னுருச்சு."

பருந்துகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. போன் நின்றுவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். நிற்கவில்லை.

"அம்மிணி" என்றார் அண்ணன் கடைசியில். "நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க. நான் சித்த நேரம் இங்கயே உக்காந்திருந்துட்டு வாரேன்."